தாலு

சத்துமாவில் வெந்நீர் ஊற்றிப் பிசைகிற வாசனை எங்கேயாவது வந்தால் போதும், எனக்கு நாச்சியார் ஞாபகம் வந்துவிடும். முப்பத்தொரு வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அங்கன்வாடியில் உதவியாளராக இருந்தேன். மாடத்தி என்கிற என் பேர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான். பிள்ளைகளுக்கு நான் ஆயா. எத்தனையோ பிள்ளைகள் வந்து போயின. இப்போது கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்து நீட்டுகிற பையன்களைக்கூட "நீ யாரு வீட்டுப் பிள்ளைய்யா?" என்று கேட்க வேண்டியிருக்கிறது. நாச்சியாரை மட்டும் மறக்கவில்லை.

ஒரே ஒரு அறை. அதன் பக்கத்தில் ஒட்டினாற்போல் சமையல்கட்டு. சுவரில் அம்மா, ஆடு, இலை என்று படம் வரைந்திருக்கும். அந்த ஆட்டுக்குக் கால் மூன்றுதான் இருக்கும்; வரைந்தவர் அவசரத்தில் விட்டுவிட்டார். பிள்ளைகள் வருஷா வருஷம் அதை எண்ணிப் பார்த்துச் சிரிப்பார்கள். ஜன்னல் வழியே கோபுரத்தின் உச்சி தெரியும். பதினொன்றரைக்குச் சோறு. எனக்கு அதில் ஒரு பெருமை உண்டு: நாச்சியார் வருகிற வரைக்கும் என் கையால் ஊட்டின எந்தத் தட்டும் மிச்சத்தோடு திரும்பினதில்லை. "ஆயாவுக்காக ஒரு கை, காக்காவுக்காக ஒரு கை" என்று சொல்லிச் சொல்லியே தட்டைக் காலி பண்ணிவிடுவேன். எடை மெஷினில் முள் கொஞ்சம் நகர்ந்தால் அன்றைக்கு எனக்கே வயிறு நிறைந்த மாதிரி இருக்கும்.

நாச்சியார் ஒரு ஜூன் மாதம் வந்தாள். நாலு வயசு. அவள் அம்மா நாகஜோதிக்கு ராஜபாளையத்தில் மில் வேலை. அப்பா விக்னேஷ்வரன் ராணுவத்தில் டிரைவர், அசாம் பக்கம். அதுவரைக்கும் ராஜபாளையத்திலேயே ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தார்கள். நாகஜோதி மில்லுக்குப் போனால் பக்கத்து ராஜு வீட்டு அம்மாதான் பிள்ளையைப் பார்த்துக்கொள்வார். அந்த வரிசையை இடித்துக் கட்டப் போகிறார்கள் என்று எல்லாரையும் காலி பண்ணச் சொல்லவும், இவர்கள் எங்கள் தெருவுக்கு வந்துவிட்டார்கள். மில் வேன் இங்கேயும் வரும். பிள்ளையை எங்களிடம் விட்டுவிட்டு வேன் ஏறுவாள்.

பிள்ளைக்குப் பேச்சு குறைவு. மொத்தமே ஆறேழு வார்த்தை. அதுவும் மென்று துப்பின மாதிரி வரும். எடையும் காணாது, அட்டையில் மஞ்சள் கோட்டில்தான் நின்றாள். "இவளை நான் தேத்திக் காட்டுறேன் டீச்சர்" என்று வெங்கடேஸ்வரி டீச்சரிடம் வாய் விட்டுச் சொன்னேன்.

முதல் நாள் மத்தியானம் சாம்பார் சாதம். நாலு கை நன்றாக வாங்கினாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "தாலு" என்றாள்.

"பாத்தியளா டீச்சர், பிள்ளை 'தா, தா'ங்குது! கேட்டு வாங்கித் திங்குதே!" என்று பூரித்துப்போய் இன்னொரு கை கொடுத்தேன். மறுபடியும் "தாலு". இன்னொரு கை. இந்தத் தடவை சத்தமாக "தாலு!" என்றாள். நான் கரண்டியை எடுத்துத் தட்டில் இன்னும் கொஞ்சம் போட்டேன். அவ்வளவுதான். தன் மணிக்கட்டைத் தானே கவ்விக் கடித்துக்கொண்டாள். பல் பதிந்து சிவந்துவிட்டது; வீறிட்டு அழுதாள். நான் பதறி, தட்டைத் தள்ளிவிட்டு, அவளைத் தூக்கிக் குழாயடியில் வாய் கழுவி, ஜன்னல் பக்கத்தில் மடியில் வைத்துக்கொண்டேன். சுவிட்சைத் தட்டின மாதிரி அழுகை நின்றது.

அதுவே தினப்படி ஆனது. சோற்றில் மட்டுமில்லை. மரக்குதிரையில் ஏற்றி ஆட்டுவோம். கொஞ்ச நேரம் சிரிப்பாள், "தாலு" என்பாள், இன்னும் வேகமாக ஆட்டுவோம், கடித்துக்கொள்வாள். கைதட்டிப் பாட்டுச் சொல்லும்போதும் அதே கதை. மணிக்கட்டில் தழும்பு காய்வதற்குள் புதுசு விழும். ஒருநாள் சூர்யபிரகாஷ் என்கிற பையன், நல்ல மனசோடுதான், அவள் "தாலு" என்றதும் குதிரையைப் பலமாக ஆட்டினான். அன்றைக்கு அவள் கடித்தது அவன் கையை.

சாயந்தரம் அவன் அம்மா சந்தனம் வந்து நின்றாள். பூக்கட்டிக்கொண்டிருந்த கையோடு வந்திருந்தாள். விரலில் நார் தொங்கியது.

"டீச்சர், எம்பிள்ள கை என்ன கரும்பா? ஒண்ணு அந்தப் பிள்ள இருக்கட்டும், இல்ல எங்க பிள்ளைக இருக்கட்டும். நான் ஒருத்தி மட்டும் சொல்லல. எல்லா வீட்லயும் இதான் பேச்சு."

வெங்கடேஸ்வரி டீச்சர் கெட்டவரில்லை. ஆனால் இருபத்திரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? அடுத்த வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். அதற்குள் கடி நிற்காவிட்டால் நாச்சியாரை அனுப்ப வேண்டாம் என்று நாகஜோதியிடம் சொல்லிவிட்டார்.

நாகஜோதி அழவில்லை. வேன் சத்தம் கேட்கிற திசையையே பார்த்தபடி சொன்னாள்: "வீட்ல ஒரு நாள்கூட இவ கடிச்சதில்ல டீச்சர். சத்தியமாச் சொல்றேன். இங்கயும் வேணாம்னுட்டா தேவதானத்துல எங்க அக்காகிட்டதான் விடணும். ஞாயித்துக்கிழமைதான் போய்ப் பாக்க முடியும். இவுக அப்பாவும் இங்க இல்ல. நானும் இல்லாட்டி பிள்ள என்ன நெனைக்கும்?"

'வீட்டில் கடித்ததில்லை' என்று எந்த அம்மாதான் சொல்லவில்லை என்று நான் மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்புக்காக இன்றைக்கும் எனக்கு வெட்கம்தான்.

அந்தச் சமயத்தில்தான் பானுப்பிரியா வந்தாள். பேச்சு வராத, நடை வராத பிள்ளைகளைப் பார்ப்பதற்கென்று ராஜபாளையத்திலிருந்து ஸ்கூட்டரில் வருகிற சிறப்பாசிரியர். இருபத்தைந்து வயசுதான் இருக்கும். ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்துவிட்டாள். நாச்சியாரைப் பிடித்து இழுக்கவில்லை, பேர் கேட்கவில்லை, சும்மா பார்த்தாள். போகும்போது என்னிடம் ஒரு தாளைக் கொடுத்தாள். மூன்று கட்டம். முன்னால் நடந்தது, பிள்ளை செய்தது, பின்னால் நடந்தது.

"அம்மா, அவ கடிக்கிறப்பெல்லாம் இதுல எழுதுங்க. ரெண்டு நாள் கழிச்சு வந்து பாக்குறேன்."

நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். மிச்சமெல்லாம் சாமான் மடித்து வருகிற காகிதத்தைப் படித்துப் படித்துக் கற்றது. இருந்தாலும் எழுதினேன். அவள் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"'கொழுப்பு'ன்னு எழுதியிருக்கீங்களே, கொழுப்பைக் கண்ணால பாத்தீங்களாம்மா?"

"பாக்கல தாயி. ஆனா அது கொழுப்புதான்."

"'பிடிவாதம்'. இது எந்தக் கையில இருந்துச்சு, வலது கையா, இடது கையா?"

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்: "நல்ல பிள்ள, கெட்ட பிள்ளன்னு எழுத வேண்டாம். ஒரு பிள்ள ஒண்ணைத் திரும்பத் திரும்பச் செய்யுதுன்னா, செஞ்ச பொறவு அதுக்கு ஏதோ ஒண்ணு கிடைக்குது. இல்லாட்டி ஏதோ ஒண்ணு விட்டுப் போகுது. அது என்னன்னு மட்டும் பாருங்க. கடைசிக் கட்டத்துலதாம்மா விஷயமே இருக்கு."

கடைசிக் கட்டத்தில் எழுத வேண்டியது பிள்ளை செய்ததை இல்லை, நான் செய்ததை. அது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. பிள்ளைகள் தூங்குகிற மத்தியான நேரத்தில் பென்சிலை வைத்துக்கொண்டு யோசித்தேன். அப்போது நாச்சியார் வரவில்லை மனசில். என் மகன் வல்லரசுதான் வந்தான்.

அவனுக்கு மூன்று வயசு. சுந்தரபாண்டியத்திலிருந்து பஸ்ஸில் இறங்குவோம். பஸ் ஸ்டாண்டு எதிரே பால்கோவாக் கடை. கேட்பான், வேண்டாம் என்பேன். மறுபடி கேட்பான், நடப்பேன். அடுத்த நிமிஷம் சட்டை, டவுசர் எல்லாம் மண்ணாகத் தரையில் புரளுவான். நாலு பேர் பார்க்கிறார்களே என்று ஒரு பொட்டலம் வாங்கிக் கையில் திணித்துவிடுவேன். கேட்டபோது கொடுக்கவில்லை. புரண்டபோது கொடுத்தேன். ஐந்து வயசு வரைக்கும் அந்த மண்ணில் புரண்டான். அவன் இப்போது போலீசில் இருக்கிறான். அன்றைக்கு போனில் பேசும்போது கேட்டேன், "ஏலே, அந்தக் கடை முன்னாடி புரளுவியே, ஞாபகம் இருக்கா? அது நான் சொல்லிக் குடுத்ததாம்லே."

அவன் சிரித்த சிரிப்பில் எனக்கு அந்தக் காக்கி டவுசர்ப் பையனே முன்னால் வந்து நின்ற மாதிரி இருந்தது. "இப்பதான் தெரியுதாக்கும்? அழுதா அரைப் பொட்டலம், புரண்டா முழுப் பொட்டலம்னு நான் அப்பவே கணக்குப் பண்ணி வச்சிருந்தேன்ம்மா" என்றான். போனை வைத்த பிறகும் அந்தப் பஸ் ஸ்டாண்டு மண்ணும், இடுப்பில் அவன் கனமும் என்னை விட்டுப் போகவில்லை. அந்த மகனை இனி எந்தக் கடை முன்னாலும் தூக்கிச் சமாதானம் பண்ண முடியாது.

வியாழக்கிழமை பானுப்பிரியா வந்தாள். தாள் நிறைந்திருந்தது. என் கோணல் எழுத்தை விரல் வைத்துப் படித்தாள்.

"கடிச்சா. தட்டை எடுத்தேன். கடிச்சா. குதிரையை நிறுத்தினேன். கடிச்சா. பாட்டை நிறுத்தி மடியில வச்சேன்..." நிமிர்ந்து பார்த்தாள். "அம்மா, கடிச்சா எல்லாம் நின்னுடுதுன்னு இவ கண்டுபிடிச்சு வச்சிருக்கா. நிறுத்தத்தான் கடிக்கிறா."

"அதெப்படி தாயி? முதல் கட்டத்தையும் பாரு. ஒவ்வொரு தடவையும் கடிக்கிறதுக்கு முந்தி 'தா'ன்னு கேட்டிருக்கா. நானும் குடுத்திருக்கேன். நிறுத்தணும்னு நெனைக்கிறவ எதுக்கு இன்னும் தா, இன்னும் தான்னு கேக்கணும்?"

அவளுக்கும் அது பிடிபடவில்லை. அவள் வேறு மாவட்டத்துக்காரி. ராஜபாளையத்துக்கு வேலைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. பேனாவால் கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தாள். "வீட்ல கடிக்கலன்னு அவங்க அம்மா சொன்னாங்கல்ல? நாளைக்கு மத்தியானம் அவங்களே வந்து இங்க ஊட்டட்டும். நான் அவங்க என்ன செய்றாங்கன்னு பாக்கணும்."

மறுநாள்தான் அந்த வெள்ளிக்கிழமை. நாகஜோதி அரை நாள் லீவு போட்டுவிட்டு, மில் பஞ்சு தலையில் ஒட்டினபடியே வந்தாள். கூட்டத்துக்கு வந்த அம்மாமார் பத்துப் பேர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். முதல் ஆளாகச் சந்தனம். எல்லார் கண்ணும் நாச்சியாரின் மணிக்கட்டில்.

நாகஜோதி சோற்றைப் பிசைந்து ஊட்டினாள். ஒன்று. இரண்டு. மூன்று. ஐந்தாவது கை உள்ளே போனதும் பிள்ளை சொன்னாள்: "தாலு."

நாகஜோதி தட்டைக் கீழே வைத்தாள். முந்தானையால் பிள்ளையின் வாயைத் துடைத்தாள். நாச்சியார் எழுந்து மரக்குதிரைப் பக்கம் போய்விட்டாள். கடிக்கவில்லை, அழவில்லை. ஒன்றுமே நடக்கவில்லை. அந்த அறையில் அப்படி ஒன்றுமே நடக்காததைப் பார்த்து நாங்கள் எல்லாரும் வாயைப் பிளந்தோம்.

பானுப்பிரியா கேட்டாள், "அக்கா, ஏன் நிறுத்திட்டீங்க?"

"பிள்ள சொன்னால்ல?"

"என்ன சொன்னா?"

"'சாலு'ன்னு சொன்னா. இவளுக்கு 'சா' வராது. தாலும்பா."

"சாலுன்னா என்ன?" என்று கேட்டது நான்.

நாகஜோதி என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "சாலுன்னா சாலுதான் பெரியம்மா. போதும்னு அர்த்தம். ராஜு வீட்டம்மா ஊட்டும்போது 'சாலா?'ன்னு கேப்பாவ, இவ 'தாலு'ம்பா. ஏன், நீங்க சொல்ல மாட்டியளா?"

"நாங்க எதுக்குடி அதைச் சொல்லப் போறோம்? அது தெலுங்கால்ல இருக்கு, ராஜுமாரு வீட்டுப் பேச்சு!" என்றாள் சுவரோரத்திலிருந்து சந்தனம்.

"அது தமிழ் இல்லியா?" என்று நாகஜோதி கேட்டாளே, அந்த முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. சின்ன வயசிலிருந்து அந்த வரிசை வீட்டில் வளர்ந்தவள். எந்தச் சொல் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று அவளுக்கு ஏன் தெரிய வேண்டும்? கிண்ணத்தில் குழம்பு வந்த மாதிரி அதுவும் சுவர் தாண்டி வந்திருக்கும்.

அம்மாமார் எல்லாரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார். சந்தனம்தான் முதலில் நிறுத்தினாள். "பெரியம்மா, அப்ப போதும் போதும்னு சொன்ன பிள்ளைக்கா இம்புட்டு நாளும் வாயில திணிச்சிய?" என்றாள். அவள் அதை என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சமையல்கட்டுக்குள் போய்விட்டேன். பானை ஓரத்தில் நின்று எண்ணிப் பார்த்தேன். ஒரு நாளைக்கு ஆறு, ஏழு தடவை. அந்தப் பிள்ளை முறையாக, வாய் திறந்து, அதற்குத் தெரிந்த ஒரே சொல்லில் போதும் என்று சொன்னது. நான் இன்னும் ஊட்டினேன். சொல்லுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பல்லுக்கு எல்லாம் கிடைத்தது. பிறகு அது எதை நம்பும்?

பானுப்பிரியா உள்ளே வந்து என் கையைப் பிடித்தாள். "அழாதீங்கம்மா. நீங்க ஒழுங்கா எழுதினதாலதானே இவ்வளவு தூரம் வந்தோம். இனிமே சொல்லு செல்லணும், கடி செல்லக்கூடாது. அவ சாலுன்னு சொன்னா அந்த நொடியே நிறுத்திடணும். வாய்கிட்டப் போன கைகூடத் திரும்பி வரணும். கடிக்க வந்தா கையை மெதுவாப் பிடிச்சுக்கிட்டு, 'சாலு'ன்னு நீங்க எடுத்துக் குடுங்க. அவ சொன்னதும் நிறுத்துங்க."

வெளியே சந்தனம் டீச்சரிடம் பேசிக்கொண்டிருந்தாள். "பதினஞ்சு நாள் பாப்போம் டீச்சர். அதுக்கு மேல எம்பிள்ள கையில பல்லு பட்டுச்சு, நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

அந்தப் பதினைந்து நாள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சொல்லுக்குப் பலன் உண்டு என்று தெரிந்ததும் நாச்சியார் அதை வைத்துக்கொண்டு எங்களைச் சோதித்தாள். முதல் கை வாயில் போனதுமே "தாலு". நான் நிறுத்தினேன். என் முகத்தையே பார்த்தாள், நிஜமாகவா என்கிற மாதிரி. எழுந்து போனாள். தட்டில் சோறு அப்படியே கிடந்தது. முப்பத்தொரு வருஷத்தில் முழுத்தட்டாக விழுந்த முதல் மிச்சம். மஞ்சள் கோடு என் கண் முன்னால் ஆடியது. விரலெல்லாம் அரித்தது. 'ஆயாவுக்காக ஒரு கை' என்று தொண்டை வரைக்கும் வந்ததை விழுங்கினேன். இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் டீச்சரே, "மாடத்தி அக்கா, கொஞ்சம் கட்டாயப்படுத்திப் பாப்பமா?" என்றார். "வேண்டாம் டீச்சர், சொன்ன சொல்லு கெட்டுப் போயிரும்" என்றேன்.

நாலாம் நாள் ஒரு கை வாங்கிவிட்டு "தாலு" என்றாள். எழுந்து போனாள். குதிரையை ஒரு சுற்று சுற்றி வந்தாள். தட்டு அங்கேயே இருந்தது; நானும் அங்கேயே இருந்தேன். மெதுவாக வந்து உட்கார்ந்து, தானே கை போட்டு அள்ளித் தின்றாள். யாரும் திணிக்காத சோறு அவளுக்கு எப்படி ருசித்ததோ, சாம்பாரில் கிடந்த கத்தரிக்காயையும் விடவில்லை.

கடி ஏழிலிருந்து நாலானது, நாலிலிருந்து இரண்டானது. நடுவில் ஒருநாள் மறுபடி ஆறு வந்தது. அன்றைக்கு டீச்சர் லீவு, வேறு ஆள் வந்து பாட்டை நிறுத்தாமல் பாடிவிட்டார். பதினைந்தாம் நாள் சூர்யபிரகாஷ் குதிரையை ஆட்டிக்கொண்டிருந்தான். நாச்சியாரின் மணிக்கட்டு வாய் வரைக்கும் போனது. நான் எழுந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். கையைக் கீழே போட்டுவிட்டு, "தாலு!" என்றாள். சூர்யபிரகாஷ் பிரேக் போட்ட மாதிரி குதிரையை நிறுத்தினான். அவன் முகத்தில் ஒரு பஸ் டிரைவரின் கம்பீரம்.

தேவதானத்துப் பேச்சு அதோடு போனது. ஒரு வாரம் கழித்துச் சந்தனம் மறுபடியும் வந்து நின்றாள். நான் பயந்துபோய்விட்டேன்.

"என்னத்தச் சொல்ல பெரியம்மா. எம்மகன் ரெண்டு இட்லி தின்னுட்டு தட்டைத் தள்ளி 'சாலு'ங்கான். அவுக அப்பா முழிக்காரு. எங்க வீட்டுக்குள்ளயும் தெலுங்கை விட்டுட்டியளே!" என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த பூச்சரத்தில் ஒரு முழம் கிள்ளி நாச்சியாரின் தலையில் வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த வருஷம் மே மாதம் நான் ஓய்வு பெற்றேன். நாச்சியார் ஜூனில் ஒன்றாம் வகுப்புக்குப் போக இருந்தாள். மணிக்கட்டுத் தழும்பு வெளுத்து, தேடினால்தான் தெரியும். கடைசி நாள் பால்கோவா வாங்கிக்கொண்டு போனேன், அதே பஸ் ஸ்டாண்டு கடையில். மூன்று கால் ஆட்டையும் மரக்குதிரையையும் ஒரு தடவை பார்த்தேன். பாயெல்லாம் சுருட்டி வைத்தாயிற்று. நாகஜோதி மில் வேனை விட்டுவிட்டுப் பிள்ளையைக் கூட்டி வந்திருந்தாள். எனக்குத் தாங்கவில்லை. நாச்சியாரை வாரி எடுத்து நெஞ்சோடு கட்டிக்கொண்டேன். தலையில் தேங்காய் எண்ணெய் வாசனை. இன்னும் இறுக்கினேன்.

"சாலு ஆயா," என்றாள். 'சா' சுத்தமாக வந்தது.

கை தானாக விட்டுவிட்டது. பழகின கை. இறங்கி இரண்டடி தள்ளி நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி, "தா," என்றாள்.

மறுபடியும் தூக்கிக்கொள்ளத்தான் கேட்கிறாள் என்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குனிந்தேன். நாகஜோதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "உங்களை இல்ல பெரியம்மா. உங்க பின்னாடி பாருங்க."

பின்னால் பெஞ்சில் பால்கோவா டப்பா இருந்தது.

திறந்து ஒரு கரண்டி எடுத்து அவள் வாயில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு சப்பினாள். நான் இரண்டாவது கரண்டியை எடுத்தேன். எடுத்த கையை நடுவிலேயே நிறுத்தி வைத்துக்கொண்டு, அந்த வாய் என்ன சொல்லப் போகிறது என்று பார்த்தபடி நின்றேன்.